நான்கு இணைத் துளைகள்

நான் கண்ணால் கண்டவற்றையும், இருவர் தனித்தனியே சொல்லி ஒத்துப்போனவற்றையும் மட்டுமே இதில் எழுதுகிறேன். ஒருவர் மட்டும் சொன்னதை அவர் சொன்னதாகவே குறித்திருக்கிறேன். மற்றவற்றை விட்டுவிட்டேன். ஒரு குழந்தைக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்லும்போது தெரியாத இடங்களை நாமாகவே நிரப்பிவிட மனம் துடிக்கும். நிரப்பினால், அந்த நிரப்பிய இடத்தில் யாரோ ஒருவர் குற்றவாளியாக நின்றுகொண்டிருப்பார். இந்த நிகழ்ச்சியில் குற்றவாளி இருப்பதாக என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதுகிறேன்.

இந்தக் கண்டிப்பு எனக்குப் பிறவிக் குணம் அன்று. பயிற்சிக் காலத்தில், எங்கள் வார்டின் மூத்த செவிலியர் நான் எழுதிய குறிப்பு ஒன்றைச் சிவப்பு மையால் அடித்தார். ‘குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தது’ என்று எழுதியிருந்தேன்.

“நீ பாத்தியா?”

“இல்ல சிஸ்டர். சத்தம் கேட்டு ஓடினேன்.”

“ஓடிப் போய் இன்னா பாத்தே?”

“குழந்தை தரையில கெடந்துச்சு.”

“அத எழுது.”

அன்று அது வறட்டுப் பிடிவாதமாகத் தோன்றியது. பிறகு பல ஆண்டுகள் அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்தேன். இப்போதும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

வேலூரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கடைசி ஆண்டுகளில், குழந்தையோடு வீடு திரும்பும் பெற்றோருக்கு வழிகாட்டும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பால் புகட்டுதல், மருந்து கொடுத்தல் ஆகியவற்றோடு, கார் வைத்திருப்பவர்களுக்குக் குழந்தை இருக்கையைத் தேர்ந்தெடுக்கவும் பொருத்தவும் கற்றுக்கொடுத்தேன். அந்தப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். பொருத்தும் முறையை நீங்கள் வகுப்பிலேயே கற்றுவிடுவீர்கள். இந்த நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ளத் தேவையானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பிறந்த குழந்தை காரில் பின்புறம் பார்த்தபடி அமர வேண்டும். அந்த நிலையில் இருக்கை தாங்கக்கூடிய உயரத்தையோ எடையையோ கடக்கும்வரை அப்படியேதான் அமர வேண்டும். கடந்த பிறகு இருக்கையை முன்புறம் பார்க்கத் திருப்பலாம். குழந்தையின் தோள்களைப் பிடிக்கும் இரண்டு வார்கள், முதுகுச் சாய்மானத்தில் உள்ள துளைகள் வழியாக வெளியே வருகின்றன. குழந்தை வளர வளர வார்களை மேலுள்ள துளைகளுக்கு மாற்றிக் கோக்க வேண்டும். பின்புறம் பார்க்கும் குழந்தைக்கு வார்கள் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். முன்புறம் பார்க்கும் குழந்தைக்குத் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ தொடங்க வேண்டும். ஆகவே, நேற்றுவரை சரியாக இருந்த துளை, இருக்கையைத் திருப்பிய அந்தக் கணத்திலேயே தவறான துளையாகிவிடக்கூடும். துளை இருந்த இடத்திலேயே இருக்கும். குழந்தையும் அதே குழந்தைதான்.

நான் சொல்லப்போகும் குடும்பம் ஆம்பூரைச் சேர்ந்தது. தாய் சங்கீதா ஒரு காலணித் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்; எதையும் படித்துப் பார்த்து, சந்தேகம் கேட்டு, அதன்பின் செய்பவர். கணவர் பிரபு அதிகம் பேசாதவர். பிரபுவின் தந்தை தணிகாசலம் தோல்பொருள் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். ஒரு முழுத் தோலை விரித்துப் பார்த்து, எந்தப் பகுதியில் எந்தத் துண்டை வெட்டினால் தோல் வீணாகாது என்று தீர்மானிப்பவர். குழந்தைக்குக் கவின் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கவின் பிறந்து வீடு திரும்பிய நாளில், மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் நானே நின்று இருக்கையைப் பொருத்திக் காட்டினேன். வாயிற்காவலர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், கொழந்தைய பின்னாடி பாக்க உக்கார வெச்சிட்டீங்க? ரோடு பூரா டாட்டா காட்டிக்கினே போவுமா?”

“ஆமாய்யா,” என்றார் தணிகாசலம். “எங்க ஊட்டு ராஜா. பின்னாடி எத்தினி பேரு வராங்கன்னு பாத்துக்கினே வருவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருக்கையை வாங்கியதற்காக அந்தக் குடும்பம் கேட்ட கேலி இது ஒன்றுதான் என்று எண்ணிவிட வேண்டாம். கவின் வளர்ந்து கால்கள் மடங்கத் தொடங்கியபோது பிரபுவின் அத்தை சொன்னதைச் சங்கீதாவே எனக்குச் சொன்னார்: “ஏம்மா, புள்ள தவள மாரி குந்திக்கினு வரான், உனுக்குக் கண்ணு தெரியலியா? திருப்பி வெச்சாதான் இன்னா?” அதற்குச் சங்கீதா, “தவளைக்குக் கால் வலிக்காது அத்தை, அதுக்கு மடக்கி உக்காந்தாதான் சொகம்” என்றாராம். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் இப்படியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மிடம் வரும் தாய்மார்களுள் இத்தகைய உறுதி உடையவர்கள் மிகச் சிலர். இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

தடுப்பூசிக்காக ஒருமுறை வந்தபோது, இருக்கை அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. அதன் துணியுறை போய், தேன் நிறத்தில் மெல்லிய ஆட்டுத்தோல் உறை ஏறியிருந்தது. தையல் ஒவ்வொன்றும் எண்ணி வைத்ததுபோல் இருந்தது. குழந்தையின் முதுகில் வேர்க்குரு வந்ததால் தானே வெட்டித் தைத்ததாகத் தணிகாசலம் சொன்னார்.

“துணி சூடு சிஸ்டர். இது நப்பா தோலு. கைய வெச்சிப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும். எங்க எம்.டி. கார்ல கூட இந்தத் தோல் கெடையாது.”

“பழைய உறை எங்கே ஐயா?”

“பிரிச்சிட்டேனே. பிரிச்சாதானே பேட்டர்ன் எடுக்க முடியும்?”

தையலைப் பிரித்து, துண்டு துண்டாக விரித்து, அதன்மேல் அளவெடுத்திருக்கிறார். அவர் தொழிலில் அதுதான் முறை. வேறு எந்த ஊரிலும் இப்படி நடந்திருக்காது. மற்ற ஊர்க்காரர் இருக்கையின் மேல் ஒரு துண்டைப் போட்டிருப்பார்; துணியுறை அடியிலேயே இருந்திருக்கும்.

உறையின் சாய்மானத்தில் ஒரே ஓர் இணைத் துளைதான் இருந்தது, இருப்பதிலேயே தாழ்வானது. பின்னாலுள்ள பிளாஸ்டிக் கூட்டில் நான்கு இணைகள் உண்டு. மற்ற மூன்றையும் தோல் மூடியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“அவனுக்கு இப்ப அதானே வேணும்? வேண்டாத எடத்துல கத்தி வெச்சா தோல் செத்துப்பூடும் சிஸ்டர்.”

வாழ்நாள் முழுவதும், தேவையற்ற ஒரு வெட்டும் விழாமல் காப்பதற்காகவே கூலி பெற்றவர் அவர். அதை அவர் எளிதில் மீறமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. வேற்று உறை பயன்படுத்தக் கூடாது என்று இருக்கையோடு வந்த கையேடு சொல்கிறது, நானும் சொன்னேன். ஆனால் திரும்பிப்போக மூல உறை இல்லை. உறைக்கடியில் அவர் வைத்திருந்த மெத்தைப் பஞ்சு வாரைத் தளர்த்தியது. எடுக்கச் சொன்னேன், மறுபேச்சின்றி அங்கேயே எடுத்துவிட்டார். வாரை இறுக்கி, காறை எலும்பின்மேல் அதை விரலால் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளுவதற்கு வார் மடியவில்லை. தாழ்ந்த துளை பின்புறம் பார்க்கும் குழந்தைக்கு ஏற்றதுதான். பயன்படுத்தச் சொன்னேன். அந்த முடிவை இன்றும் நான் மாற்றமாட்டேன்.

கவினுக்கு மூன்று வயது நெருங்கும்போது இளைப்புக்காக அழைத்து வந்தார்கள். மருத்துவர் பார்த்து முடித்ததும், சங்கீதா என்னைத் தேடி வந்தார்.

“சிஸ்டர், உயரம் தாண்டிட்டான். புக்ல போட்டிருக்கிற மாதிரி முன்னாடி பாக்கத் திருப்பிட்டோம். ஒரு தடவ வந்து பாத்துடுங்களேன்.”

சரியான நேரத்தில் சரியாகத் திருப்பியிருந்தார்கள். இருக்கை அசையாமல் நின்றது. ஆனால் வார்கள் அதே தாழ்ந்த துளைகளிலிருந்து, குழந்தையின் அக்குளுக்குச் சற்று மேலிருந்து எழுந்து, தோளின்மேல் ஏறி இறங்கின. கார் சட்டென்று நின்றால் அவை தோளைப் பின்னுக்குப் பிடிப்பதற்குப் பதில் கீழ்நோக்கி அழுத்தும். தலையும் மிகுந்த தூரம் முன்னே போகும். இதைச் சொன்னதும் சங்கீதாவின் முகம் மாறியது.

“இப்பவே மாத்திடலாம் சிஸ்டர்.”

“மாற்றுவதென்றால் தோலை வெட்ட வேண்டும்.”

நானும் சங்கீதாவும், கூட வந்திருந்த தணிகாசலத்தைப் பார்த்தோம். அவர் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் அந்த உறையைப் பற்றி யார் என்ன பேசியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன்.

“சிஸ்டர், அத உள்ள வையுங்க,” என்றார் தணிகாசலம். “நான் வெட்டறேன். நல்ல பிளேடு ஒண்ணு குடுங்க.”

அறுவைக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். கட்டைவிரலால் தோலை அழுத்தி, அடியிலிருந்த கூட்டின் துளையைத் தடவி அறிந்து, அளவுகோல் இல்லாமல் இரண்டு வெட்டு வெட்டினார். கவின் உதட்டைப் பிதுக்கினான்.

“தாத்தா, என் சேர கிழிக்கிறியா?”

“கிழிக்கலடா. ஜன்னல் வெக்கிறேன்.”

வார்களை மேலே கோத்தோம். குழந்தையை உட்காரவைத்து இறுக்கினேன். எல்லாம் இருக்க வேண்டியபடி இருந்தன. தணிகாசலம் வெட்டிய விளிம்பை நகத்தால் நெருடிக்கொண்டே சொன்னார்:

“ஓரம் கட்டாம உட்டா பிஞ்சிடும் சிஸ்டர். பெல்ட்டு இழுக்க இழுக்கக் கிழிஞ்சிக்கினே போவும். பாக்கவும் அசிங்கம்.”

“அடுத்த முறை வரும்போது பார்ப்போம் ஐயா.”

“நான் பாத்துக்கறேன்.”

இந்த உரையாடலில் தவறான சொல் ஒன்றும் இல்லை. உங்களுள் எவரும் அந்த இடத்தில் இதைத்தான் பேசியிருப்பீர்கள். நம் வேலை முடிந்தது என்று நாம் திரும்பி நடக்கும் இடம் இது. மருத்துவமனையின் வாயிலைக் கடந்த பின் அந்த இருக்கைக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதும், அதைக் கழற்றுவார்கள், துவைப்பார்கள், உறவினரின் காரில் மாட்டுவார்கள், பழுதுபார்க்கக் கொடுப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தும், அது எப்போதும் காரிலேயே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் பாடம் நடத்துகிறோம்.

இனிச் சொல்வதில் நான் பார்த்தது சிறிது. தணிகாசலமும் சங்கீதாவும் தனித்தனியே சொன்னவற்றில் ஒத்துப்போனவை இவை. தணிகாசலம் உறையைக் கழற்றித் தொழிற்சாலைக்கு எடுத்துச் சென்றார். துளைகளின் விளிம்பை மடித்துக் கட்டுவதற்கு அங்கே தனி இயந்திரம் உண்டு. இரண்டு துளைக்கு மட்டும் கட்டி என்ன பயன், குழந்தை வளர வளரத் திரும்பத் திரும்பக் கழற்ற வேண்டிவருமே என்று நினைத்து, நான்கு இணைகளையும் ஒரேயடியாக வெட்டி விளிம்பு கட்டிவிடத் தீர்மானித்தார். அவர் வாழ்நாள் வழக்கத்துக்கு மாறான தீர்மானம் அது. இன்னும் தேவைப்படாத இடத்தில் அவரே கத்தி வைக்கத் துணிந்தார். நான் பல ஆண்டுகளாகப் பெற்றோரிடம் எதிர்பார்த்து ஏமாந்த முன்யோசனை அது. ஆனால் அந்த வாரம் தொழிற்சாலையில் ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் நெருக்கடி. இயந்திரம் ஓயவில்லை. உறை அவருடைய மேசையில் காத்திருந்தது.

அந்த வாரத்தில்தான் பிரபுவின் தங்கைக்குப் பள்ளிகொண்டாவில் நிச்சயதார்த்தம். அண்ணன் இல்லாமல் அது நடக்காது. சீர்த்தட்டுகள் காரில் போக வேண்டும். இருக்கையோ வீட்டில் பிளாஸ்டிக்கும் தெர்மாகோலுமாக உறையின்றி நின்றது.

சங்கீதா எங்கள் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினார். எனக்கு அன்று விடுப்பு. அழைப்பை எடுத்தவர் உங்களைப் போலப் புதிதாக வந்திருந்த செவிலியர். இருவரையும் பின்னர் தனித்தனியே கேட்டேன். கேள்வியும் பதிலும் இருவர் நினைவிலும் ஒன்றாகவே இருந்தன.

“கவர் தைக்கக் குடுத்திருக்கோம். வெறும் சீட்ல போர்வை போட்டு உக்கார வெக்கலாமா சிஸ்டர்?”

“கவர் இல்லாம யூஸ் பண்ணக் கூடாதுங்க. போர்வையும் போடக் கூடாது.”

இரண்டு பதிலும் சரியானவை. கையேட்டில் உள்ளவை. தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் பெறும். செவிலியர், “கார்ல போறத தள்ளி வைங்க” என்று பிறகு சொன்னதாகச் சொல்கிறார். அப்படி ஒன்றைக் கேட்டதாகச் சங்கீதாவுக்கு நினைவில்லை. பின்னணியில் மேளக்காரரோடு யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். இருவரும் பொய் சொல்பவர்கள் அல்லர்.

சங்கீதா எதையும் படித்துப் பார்த்துச் செய்பவர் என்றேன். கூடாது என்று சொன்னதை அவர் செய்யவில்லை. கவினை மடியில் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் அமர்ந்தார். தனக்கு மட்டும் பெல்ட் போட்டுக்கொண்டார். பக்கத்தில் சீர்த்தட்டுகள்.

விபத்து எப்படி நேர்ந்தது என்பதை நான் பார்க்கவில்லை. பலர் பலவிதமாகச் சொன்னார்கள். விடுகிறேன்.

மறுநாள் பணிக்கு வந்தபோது நான் கண்டவை: தீவிர சிகிச்சைப் பிரிவில் கவின், கழுத்தில் பட்டையோடு. கைகளை அசைத்தான், கால்களை அசைக்கவில்லை. கழுத்துக்குக் கீழே, முதுகெலும்பின் மேற்பகுதியில் காயம் என்று படத்தில் இருந்தது. மகளிர் பிரிவில் சங்கீதா, இரண்டு முன்கைகளிலும் மாவுக்கட்டோடு. என்னைப் பார்த்ததும் அவர் குழந்தையின் நிலையைக் கேட்கவில்லை. அதை அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

“சிஸ்டர், நான் உடல. எல்லாரும் கைய உட்டுட்டேன்னு சொல்றாங்க. நான் உடல. கை ஒடஞ்சப்புறம்தான் போனான்.”

அது உண்மையாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் எந்தத் தாயின் கையாலும் அந்த விசையைத் தாங்க முடியாது. அதை நான் நூறு வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். அன்று சொல்ல வாய் வரவில்லை. “நீங்கள் விடவில்லை” என்று மட்டும் சொன்னேன். நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோலச் சொன்னது அந்த ஒரு முறைதான். சிவப்பு மையைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. சரியான இருக்கைக்கும் குறையுள்ள இருக்கைக்கும் இடையே தூரம் உண்டு. ஆனால் குறையுள்ள இருக்கைக்கும் மடிக்கும் இடையே உள்ள தூரம் அதைவிட மிகப் பெரிது. நம் கையேடுகள் முதல் தூரத்தை மட்டும் அளக்கின்றன. ‘கூடாது’ என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், குழந்தை வேறு எங்கே அமரப்போகிறது என்று கேட்டாக வேண்டும். ஒன்றைத் தடுக்கும்முன், தடுத்த பிறகு மிஞ்சுவது என்ன என்று பார்க்க வேண்டும். கிழிந்த விளிம்போடு அந்த உறை காரிலேயே இருந்திருந்தால் போதும். அதை அழகாக்க எண்ணியவரையும் நான் குறைசொல்லமாட்டேன்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டேன்: “இந்த சீட் இல்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க?” முகம் மலர்ந்து எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

“மடியிலதான் சிஸ்டர். வேற இன்னா பண்றது?”

வேறு என்ன செய்வது என்று நான் விளக்குவேன். பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்பேன். இரவல் இருக்கை கேளுங்கள் என்பேன். தலையாட்டுவார்கள். பிறகு நெடுஞ்சாலையில் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து வீடு திரும்பும்போது பார்ப்பேன்: கடந்துபோகும் கார்களில், முன்னிருக்கையில், மடியில், கண்ணாடியில் கை வைத்தபடி குழந்தைகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். பைக்கில், பெட்ரோல் டாங்க்கின்மேல் உட்கார்ந்து போகிற குழந்தைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடிக்க மாட்டேன். இந்தப் பணி உங்களுக்கு நிறைவைத் தரும் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. எனக்குத் தரவில்லை. நாம் சொன்னதைக் கேட்காதவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகவே வீடு போய்ச் சேர்கிறார்கள். ஒரு சொல் விடாமல் கேட்ட குடும்பத்தின் பிள்ளை வார்டில் படுத்திருந்தான்.

கவின் வீடு திரும்பும் நாள் வந்தது. ஆம்புலன்சில் படுத்த நிலையில்தான் போக வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். சங்கீதா கட்டிலருகே நின்று அவனுடைய விளையாட்டுச் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். கைகள் இன்னும் முழுதும் மடங்கவில்லை. அப்போது தணிகாசலம் வந்தார். இருக்கையைக் கொண்டுவந்திருந்தார். ஆம்பூரிலிருந்து பேருந்தில், மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம்.

உறை முடிந்திருந்தது. நான்கு இணைத் துளைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, அதே தேன் நிற நூலில் விளிம்பு கட்டப்பட்டிருந்தன. எதிலும் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. மேலே உள்ள இணை, கவின் ஐந்து வயதில் எட்டியிருக்க வேண்டிய உயரத்தில் இருந்தது.

“எதுக்கு மாமா இத எடுத்துக்கினு வந்தீங்க?” என்று சங்கீதா கேட்டார். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை.

அவர் இருக்கையைக் கவினுக்குத் தெரியும்படி கட்டிலோரம் வைத்தார். கவின் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தான்.

“ஜன்னல் வெச்சிட்டியா தாத்தா?”

“நாலு ஜன்னல்டா.”

“நாலா?”

“ஆமா. எம்.டி. கார்ல கூட ரெண்டுதான்.”

கவின் சிரித்தான். தணிகாசலம் என்னைப் பார்த்தார். பிறகு, வகுப்பில் கேட்பதுபோல, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“சிஸ்டர், அவனுக்கு இப்ப எந்த ஓட்டை?”

நிமிர்ந்து உட்கார முடியாத உடலுக்கு எந்தத் துளையும் இல்லை. பட்டையைக் கழற்றிய பின் சிறப்பு இருக்கை ஒன்று தேவைப்படலாம்; தேவைப்படாமலும் போகலாம். அதை உறுதிப்படுத்தும் நிலையில் அன்று எவரும் இல்லை.

“தெரியல ஐயா,” என்றேன்.

அவர் தலையாட்டினார். கட்டைவிரல் மூன்றாவது இணையின் விளிம்பில் மெல்ல ஓடியது.

“வளருவான் இல்ல?”

“வளருவான்.”

அது ஒன்றுதான் அன்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

தெரியாதவை இவை. தொலைபேசியில் ‘தள்ளி வைங்க’ என்ற சொல் சொல்லப்பட்டதா என்பது தெரியாது. உறையில்லாத இருக்கையில், போர்வையின்மேல், வாரை இறுக்கிக் கட்டியிருந்தால் அவன் இன்று நடந்துகொண்டிருப்பானா என்பது தெரியாது. நடந்துகொண்டிருப்பான் என்று நம்புகிறேன், உறுதிப்படுத்த முடியாது. அன்று அந்த அழைப்பை நான் எடுத்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனா என்பது தெரியாது. இருக்கை இப்போது அவர்கள் வீட்டில் இருக்கிறது. வார்கள் எந்தத் துளையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது.